சீதனமும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை: ஆங்கிலேய விதவையின் மூன்றிலொரு பங்குக்குத் தமிழில் என்ன பெயர்?

தேனருவி

வணக்கம் நண்பர்களே. முதுகலை வரலாறு படிக்கும் மாணவர்களுக்காக மாக்னா கார்ட்டாவின் சில விதிகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏழாவது விதிக்கு வந்து நான்கு நாளாகிறது. ஒரே ஒரு சொல் என்னை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

1215-இல் இங்கிலாந்தின் ஜான் மன்னனிடமிருந்து பிரபுக்கள் வாங்கிய இந்தச் சாசனத்தில் விதவைகளுக்கென்றே அடுத்தடுத்து இரண்டு விதிகள் இருக்கின்றன. எட்டாவது விதி எளிது. தனியாக வாழ விரும்புகிற விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதுவரை நிலமுள்ள விதவைகளின் மறுமணத்தை மன்னன் விலைபேசி விற்றுக்கொண்டிருந்தான். அந்த வழக்கத்துக்குப் போட்ட கடிவாளம் அது.

ஏழாவது விதி மூன்று வகைச் சொத்தைப் பேசுகிறது. பிறந்த வீட்டார் திருமணத்தில் கொடுத்தது, அவளுக்கு வாரிசாக வந்தது, கணவனின் நிலத்திலிருந்து அவளுக்குச் சேர வேண்டியது. முதல் இரண்டுக்கும் தமிழில் சொல் இருக்கிறது. மூன்றாவதற்கு ஆங்கிலத்தில் டௌவர் என்று பெயர். அகராதியைப் புரட்டினால் சீதனம் என்கிறது. சீதனம் பெண் வீட்டிலிருந்து போவது, இது கணவன் பக்கத்திலிருந்து வருவது. திசையே தலைகீழ். நம் நாட்டு நீதிமன்ற ஆங்கிலத்திலோ இஸ்லாமியத் திருமணத்தின் மஹரை இதே சொல்லால் குறிக்கிறார்கள். ஒலிபெயர்த்து அப்படியே எழுதினால் மாணவர்கள் கோபுரம் என்று படித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் மனதில் நிற்கிறது. கணவன் இறந்த பிறகு 40 நாள் அவள் அவன் வீட்டிலேயே தங்கலாம், அதற்குள் அவளுடைய பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று விதி முடிகிறது. அந்த 40 நாளுக்கு ஆங்கிலச் சட்டத்தில் குவாரன்டைன் என்றே பெயர். கொரோனா காலத்தில் நம் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே சொல். இந்தக் கெடு யாருக்கு? 40 நாளில் கிளம்பிவிடு என்று அவளுக்கா, 40 நாளுக்குள் கொடுத்துவிடு என்று வாரிசுக்கா? சட்டம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பத்திரக்காரர்

அம்மா, 38 ஆண்டு பத்திரம் எழுதியவன் நான். ஆங்கிலேயர் நிலச் சட்டத்தை ஆசைக்காகப் படித்தேன். சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம்.

கெடு வாரிசுக்குத்தான். கணவன் கண்ணை மூடியதும் நிலம் வாரிசான மூத்த மகன் கைக்கோ, மகன் சிறுவனாக இருந்தால் மேல்நிலப் பிரபுவின் பொறுப்புக்கோ போய்விடும். விதவையின் பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர் அவர். கொடுக்க மனமில்லாதவர் இழுத்தடிப்பார். அதற்காகத்தான் நாள் குறித்தார்கள். கொடுக்காவிட்டால் அவள் வழக்குத் தொடுக்கலாம். அதற்கென்றே தனி ஆணை வகைகள் இருந்தன. 1236-இல் மெர்ட்டன் சட்டம் வந்து, இழுத்தடித்த காலத்துக்கு நஷ்டஈடும் உண்டு என்றது.

எவ்வளவு பங்கு என்பதை 1217-இல் சாசனத்தை மறுபடி வெளியிட்டபோது எழுதினார்கள். கணவன் வாழ்நாளில் அவனுடையதாக இருந்த நிலம் அனைத்திலும் மூன்றில் ஒன்று, திருமணத்தின்போது அதைவிடக் குறைவாகப் பேசியிருந்தால் மட்டும் அந்தக் குறைவு. பத்திர மொழியில் சொன்னால், அவள் ஆயுள் பரியந்தம் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. விற்க முடியாது. அவளுக்குப் பின் வாரிசுக்கே திரும்பும்.

"வாழ்நாளில் அவனுடையதாக இருந்த" என்பதை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். இறந்த நாளில் மிச்சமிருந்த நிலம் என்று சட்டம் சொல்லவில்லை. மணவாழ்க்கையின் ஊடே ஒரு நாள் அவன் பெயரில் வாரிசுரிமையோடு இருந்துவிட்டால் போதும். அவன் அதை 20 ஆண்டுக்கு முன்பே இன்னொருவருக்கு விற்றிருக்கலாம். அவன் இறந்ததும் இவள் வாங்கியவர் வாசலில் போய் நின்று, என் மூன்றிலொன்றைக் கொடு என்று கேட்கலாம். கணவனின் கடன்காரர்களும் அந்தப் பங்கில் கைவைக்க முடியாது. நாம் இங்கே வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோமே, அங்கே விற்பவனின் மனைவி உயிரோடு இருப்பதே வில்லங்கம்.

ஆகவே ஜீவனாம்சம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஜீவனாம்சத்தில் ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் வாங்குகிறார். இது நிலத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பாத்தியதை.

எப்படிப் பிரித்தார்கள் என்பது இன்னும் சுவையானது. நிலமென்றால் ஷெரீப் என்ற மன்னனின் அதிகாரி வந்து சக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, குறித்து அளந்து விடுவார். பிரிக்க முடியாத சொத்துக்கும் வழி கண்டிருந்தார்கள். மாவு ஆலை என்றால் கூலியாக அளக்கும் தானியத்தில் மூன்றாவது படி அவளுக்கு, அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு மாதம் ஆலை முழுவதும் அவளுக்கு. பண்ணையடிமையின் உழைப்பு என்றால் மூன்றாம் நாள் வேலை அவளுக்கு.

மறுபக்கம்

ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கொண்டாடும் முன் தட்டின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும்.

திருமணம் ஆனதும் அந்தப் பெண்ணின் சட்ட ஆளுமையே கணவனுக்குள் மறைந்துவிடும். அவளுடைய நகை, பணம், கால்நடை எல்லாம் அவனுடையவை. அவளுடைய சொந்த நிலத்தின் வருமானமும் அவன் கைக்குத்தான். அவள் இறந்துவிட்டால், உயிரோடு ஒரு குழந்தை பிறந்திருந்தால் போதும், அந்தக் குழந்தை மறுநாளே இறந்திருந்தாலும், அவளுடைய நிலம் முழுவதையும் அவன் தன் ஆயுள் வரை அனுபவிக்கலாம். அவனுக்கு முழுவதும், அவளுக்கு மூன்றில் ஒன்று. ஒரே சட்டம், ஒரே கட்டில்.

அந்த மூன்றில் ஒன்றும் அவள் நடத்தைக்குக் கட்டுப்பட்டது. 1285-ஆம் ஆண்டின் இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், கணவனை விட்டுப் போய் இன்னொருவனோடு வாழ்ந்தவள், கணவன் மனமுவந்து திரும்ப ஏற்காவிட்டால், இந்தப் பங்கை இழப்பாள் என்றது. அதன் கீழ் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஜான் டி கமாய்ஸ் என்ற பிரபு தன் மனைவி மார்கரெட்டை வில்லியம் பெய்னலுக்குப் பத்திரம் எழுதிக் "கொடுத்தான்", அவளுடைய உடைமைகளோடு சேர்த்து. அவன் இறந்தபின் பெய்னலும் மார்கரெட்டும் மணம் செய்துகொண்டு, 1300-களின் தொடக்கத்தில் அவளுடைய பங்கைக் கேட்டு முறையிட்டார்கள். கணவனே எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் காட்டினார்கள். பங்கு மறுக்கப்பட்டது. அவளை ஒரு பண்டம் போலக் கைமாற்றியவன் அவன். பங்கை இழந்தவள் அவள்.

பத்திரக்காரர்

தம்பி, அந்த வழக்கைப் படித்த அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன்.

ஆனாலும் அந்தக் காலத்து விதவை இதைச் சும்மா விடவில்லை என்பதும் உண்மை. ஹார்ட்விக் எலிசபெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1544-இல் முதல் கணவன் ராபர்ட் பார்லோ இறந்தபோது அவள் பதின்வயதுப் பெண். அவளுக்குரிய பங்கைக் கொடுக்க மறுத்தார்கள். வழக்குத் தொடுத்துப் பெற்றாள். நான்கு முறை மணந்து, நான்கு முறை விதவையாகி, நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருத்தியாக முடிந்தாள். 1590-களில் அவள் கட்டிய ஹார்ட்விக் மாளிகையின் உச்சியில் அவள் பெயரின் முதலெழுத்துகள் கல்லில் நிற்கின்றன.

எட்மன்டன்வாசி

நான் சட்டம் படித்தவன் அல்ல. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 16 ஆண்டாக வசிக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் உடம்பில் ஒரு சிலிர்ப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பழைய வீட்டை விற்றோம். பத்திரத்தில் என் பெயர் மட்டுமே இருந்தது. கையெழுத்துப் போட வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இருவரும் போனோம். நான் போட்டு முடித்ததும், "நீங்கள் சற்று வெளியே இருங்கள்" என்றார் அந்த அம்மையார். கதவைச் சாத்திக்கொண்டார். என் மனைவி வெளியே வந்தபோது அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு பாவனை. "இந்த வீட்டின் மேல் உங்களுக்கு உரிமை இருக்கிறது, தெரியுமா? கணவர் கட்டாயப்படுத்தாமல், நீங்களாகவே மனமொப்பிக் கையெழுத்திடுகிறீர்களா?" என்று கேட்டார்களாம். "எங்கள் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என்னைத் தனியாக உட்காரவைத்து இப்படி ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை" என்றாள். பஸ்ஸில் வீடு திரும்பும் வரை அவள் அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

அந்தப் படிவத்தின் தலைப்பில் இருந்தது நீங்கள் தேடுகிற அதே சொல்தான். பிறகு தேடிப் படித்தேன். 1886-இல் கனடாவின் மேற்குப் பிரதேசங்களில் இந்த உரிமையை ஒழித்திருக்கிறார்கள். குடியேறிய பெண்கள் கணவனோடு சேர்ந்து காட்டைத் திருத்தி, மண்வீடு கட்டி, பிள்ளை பெற்று, பயிர் வைத்தார்கள். ஒரு நாள் கணவன் ஒரு சொல் சொல்லாமல் பண்ணையை விற்றுவிட்டுப் போனால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. எமிலி மர்ஃபி என்பவர் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 1917-இல் ஆல்பர்ட்டா சட்டம் இயற்றியது. குடும்பம் வசிக்கும் வீட்டை மனைவியின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது என்று. இன்று அது கணவன், மனைவி இருவருக்கும் பொது.

தேனருவி

எட்மன்டன்வாசி அண்ணா, உங்கள் மனைவியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்ட அந்தக் கேள்விக்கு 600 ஆண்டுக்கு மேல் வயது. இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தை வாங்குபவர் விதவை பின்னால் வந்து கேட்கக் கூடாது என்று நினைத்தால், விற்பவனும் மனைவியும் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போய் ஒரு வழக்கு நடப்பதுபோல் நடத்தி, அதைச் சமரசத்தில் முடிப்பார்கள். அந்தச் சமரசத்தைப் பதிவதற்கு முன் நீதிபதி மனைவியைத் தனியாக அழைத்து, மனமொப்பித்தான் செய்கிறாயா என்று கேட்க வேண்டும். கணவன் அருகில் இருக்கக் கூடாது.

அவர்களில் எத்தனை பேர் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்று தெரியாது. மாலையில் அதே வீட்டுக்குத்தானே திரும்ப வேண்டும். ஆனால் கேட்டாக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது.

பத்திரக்காரர் ஐயா, இவ்வளவு உறுதியான உரிமை எப்படிக் காணாமல் போனது?

பத்திரக்காரர்

ஒரே நாளில் போகவில்லை அம்மா. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் பேனாவால் அரித்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதல் வழி நம்பிக்கைச் சொத்து. நிலத்தை நண்பர்கள் சிலர் பெயரில் எழுதிவைத்து, பலன் மட்டும் தனக்கு என்று ஒருவன் ஏற்பாடு செய்வான். சட்டத்தின் கண்ணில் நிலம் அவன் கையில் இல்லை. கையில் இல்லாத நிலத்தில் மனைவிக்கு மூன்றிலொன்று எங்கிருந்து வரும்?

அடுத்தது 1536. எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் அந்த நம்பிக்கைச் சொத்து முறையையே கலைத்தது. கலைத்தால் எல்லா மனைவியருக்கும் பழைய பங்கு உயிர்பெற்று எழும் அல்லவா? அதைத் தடுக்க அதே சட்டத்தில் ஒரு பிரிவு வைத்தார்கள். திருமணத்துக்கு முன்பே மனைவியின் பிற்காலத்துக்கென்று ஏதாவது நிலத்தையோ வருமானத்தையோ ஒதுக்கி எழுதிவிட்டால், மூன்றிலொன்று கேட்கும் உரிமை அத்தோடு தீர்ந்தது. ஜாயின்ச்சர் என்று அதற்குப் பெயர். திருமணத்துக்குப் பிறகு எழுதினால் மட்டும், இதுவா அதுவா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு விதவைக்கு இருந்தது. ஆகவே எல்லோரும் முன்பே எழுதினார்கள். தாலி கட்டும் முன் பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் உட்கார்ந்து பேசி முடிக்கிற தொகை அது. மூன்றிலொன்று என்பது, திருமணத்தின்போது குறைவாகப் பேசியிருந்தால் தவிர, சட்டமே வைத்த அளவு. ஜாயின்ச்சரில் பேரம் ஒன்றுதான் அளவு.

கடைசி வெட்டு 1833-இல் விழுந்தது. நிலம் கைமாறுவதற்கு விதவையின் பங்கு இடைஞ்சல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆண்டுச் சட்டம் ஒரு கையால் கொடுத்தது. நம்பிக்கைச் சொத்திலும் இனி பங்கு உண்டு என்றது. மறுகையால் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. கணவன் உயிரோடிருக்கும்போது நிலத்தை விற்றாலும், உயிலில் வேறொருவருக்கு எழுதினாலும், ஒரு பத்திரத்தில் "என் மனைவிக்கு இந்தப் பங்கு கிடையாது" என்று ஒரு வரி எழுதினாலும் போதும், பங்கு போயிற்று. 1834 தொடக்கத்துக்குப் பின் மணந்தவர்களுக்கெல்லாம் இதுதான் சட்டம். வழக்கு நடப்பதுபோல் நடத்திச் சமரசத்தில் முடிக்கும் அந்தப் பழைய நீதிமன்ற நடைமுறையையும் அதே 1833-இல்தான் எடுத்தார்கள்.

மிச்சமிருந்த பெயரை 1925-இல் துடைத்தார்கள். தன் மனைவியை நடுத்தெருவில் விட்டு உயில் எழுதியவனின் சொத்திலிருந்து நீதிமன்றம் அவளுக்கு ஏதாவது ஒதுக்கலாம் என்று ஒரு சட்டம் 1938-இல் வந்தது. இடையில் ஒரு நூற்றாண்டு. அந்த நூற்றாண்டில்தான் ஆங்கிலேயச் சட்டம் கப்பலேறி நம் ஊருக்கு வந்து வேர் பிடித்தது.

குமரிமுனை

கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் அப்பா 1991-இல் உயில் எழுதாமல் இறந்தார். நாங்கள் மூன்று பிள்ளைகள்.

இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகள் இருக்கும் கிறிஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆயுளுக்கு மட்டும் என்றில்லை, முழு உரிமை. ஆனால் எங்கள் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. விதவைக்கு ஆயுள் வரை மட்டும், அதுவும் மறுமணம் செய்தால் போய்விடும். மகளுக்கு மகனின் பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951-லிருந்தே அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. எங்கள் வீட்டில் அண்ணன்மாருக்கு மட்டும் ஐந்து ஆண்டாகியும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. "அம்மா எங்களோடுதானே இருக்கப்போகிறார்கள், பங்கு எதற்கு?" என்றார்கள். போன அலுவலகத்தில் இருந்தவரும் அதையே சொல்லி மனுவைத் திருப்பினார்.

அம்மா நான்காம் வகுப்பு வரை படித்தவர்கள். "உங்களோடு இருப்பேன், ஆனால் என் வீட்டில் இருந்து உங்களோடு இருப்பேன்" என்றார்கள். இரண்டு வருடம் அலைந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினோம். அது இன்றும் என்னிடம் இருக்கிறது. வடக்குப் புறத்து அறையும் அதையொட்டிய திண்ணையும், மேலத்தோப்பில் 14 தென்னை, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பாத்தியம், அடுக்களை வழியாகப் பின்வாசலுக்கு நடந்துபோகும் பாத்தியம். நாற்பது வருடம் சமைத்த அடுக்களையில் நடந்துபோக ஒரு பத்திரம் வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். அப்பா உயில் எழுதியிருந்தால் அம்மாவின் மூன்றிலொன்று என்னவாகியிருக்கும்?

பத்திரக்காரர்

போயிருக்கும் அம்மா. அந்த மூன்றிலொன்று உயில் இல்லாத சொத்துக்கு மட்டும்தான். அளவு வந்த வழி 1670-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அசையும் சொத்துப் பங்கீட்டுச் சட்டம். அதிலும் விதவைக்கு மூன்றில் ஒன்று. நம் வாரிசுரிமைச் சட்டம் முதலில் 1865-இல் எழுதப்பட்டது. அப்போது இங்கிலாந்தில் பழைய பாத்தியதை செத்து 30 ஆண்டு. திருமணத்தால் மட்டும் ஒருவரின் சொத்தில் மற்றவருக்கு எந்த உரிமையும் வராது என்று அதிலேயே ஒரு பிரிவு வைத்தார்கள். 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 20-ஆவது பிரிவாக அது இன்றும் இருக்கிறது. ஆகவே மூன்றிலொன்று என்ற அளவு நம்மிடம் வந்தது. கணவனால் பறிக்க முடியாது என்ற பூட்டு வரவில்லை.

உங்கள் தாயார் கேட்டு வாங்கினார்களே, அவர்களுக்கு என் வணக்கம்.

தேனருவி

குமரிமுனை அக்கா, உங்கள் பத்திரத்தைப் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 17, 18-ஆம் நூற்றாண்டு விதவைகளுக்குப் பங்கு பிரித்த ஆவணங்களும் இதே மொழியில் பேசும். கீழ்த்தளத்தில் கிழக்கு அறை, நிலவறையில் மூன்றிலொரு பகுதி, ரொட்டி சுடும் அடுப்பைப் பயன்படுத்தும் உரிமை, கிணற்றுக்குப் போக வர வழி. ஒரு வீட்டுக்குள் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நடுவில் அவளுடைய எல்லைக்கோடு ஓடும். அங்கே மக்கள் இதை "மூன்றிலொன்றுகள்" என்றே அழைத்தார்கள். "கைம்பெண்ணின் மூன்றிலொன்று" என்று பெயர்த்தால் என்ன?

மறுபக்கம்

அமெரிக்காவுக்கு வந்துவிட்டோம் என்பதால் நான் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். ஓனா ஜட்ஜ்.

வர்ஜீனியாவில் 1705-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளை வாரிசுரிமைக்கும் விதவைப் பங்குக்கும் நிலத்தைப் போலவே கணக்கிட்டது. பத்திரக்காரர் ஐயா முன்பு "மூன்றாம் நாள் வேலை" என்றாரே, அது அங்கே முழு மனிதராக வளர்ந்து நின்றது. 1757-இல் டேனியல் பார்க் கஸ்டிஸ் என்ற பெரும் பண்ணைக்காரர் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய விதவை மார்த்தாவுக்குச் சட்டப்படி மூன்றிலொன்று வந்தது, நிலத்தோடு மனிதர்களும். 1759-இல் அவர் ஜார்ஜ் வாஷிங்டனை மணந்தார்.

ஆயுள் பாத்தியதை என்றால் அனுபவிக்கலாம், கரைக்கக் கூடாது, வாரிசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதே விதியை மனிதர்கள் மேல் வைத்துப் பாருங்கள். அந்த அடிமைகளை விடுதலை செய்ய மார்த்தாவுக்கும் அதிகாரமில்லை, வாஷிங்டனுக்கும் இல்லை. பங்கில் வந்த பெண்ணுக்குப் பிறந்த குழந்தையும் பங்கில் சேரும். பெட்டி என்ற தையல் வேலைக்காரி அந்தப் பங்கைச் சேர்ந்தவர். அவர் மகள்தான் ஓனா. பிறந்த கணமே அவர் கஸ்டிஸ் வாரிசுகளுக்குப் போக வேண்டிய சொத்து.

1796 மே மாதம், வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, பிலடெல்பியா வீட்டில் குடும்பம் இரவு உணவுக்கு அமர்ந்திருந்த நேரத்தில் ஓனா வெளியே நடந்தார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தார். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பக் கொண்டுவர ஆள் அனுப்பினார்கள். போகவில்லை. 1848-இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் தப்பியோடிய சொத்தாகவே இருந்தார்.

1799-இல் மவுன்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள். அவர்களில் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம், 153 பேர் மார்த்தாவின் மூன்றிலொன்றைச் சேர்ந்தவர்கள், மற்றவர்கள் பெரும்பாலும் குத்தகைக்கு வந்தவர்கள். வாஷிங்டன் உயிலில் தன் 123 பேருக்கு விடுதலை எழுதினார். 1801 ஜனவரி முதல் நாள் அவர்கள் விடுதலை ஆனார்கள். இரண்டு கூட்டத்திலும் ஒருவரையொருவர் மணந்திருந்தார்கள். கணவன் வெளியே போனான், மனைவியும் பிள்ளைகளும் உள்ளே நின்றார்கள். 1802-இல் மார்த்தா இறந்ததும் அந்தப் பங்கு நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்டது. குடும்பங்கள் நான்காகச் சிதறின.

விதவைக்கு அந்த உரிமை கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நல்ல சொல்லைத் தேர்ந்தெடுத்து அதன் அழகில் நின்றுவிட்டால், அந்த 153 பேரும் அந்தச் சொல்லுக்குள்ளேயே மறைந்துபோவார்கள்.

எட்மன்டன்வாசி

என் மனைவிக்கு இதை வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "பெட்டி என்ன ஆனாளாம்?" என்று கேட்டாள்.

மறுபக்கம்

பெட்டி மகளுக்கு முன்பே, 1795 ஜனவரியில், பண்ணையில் அடிமையாகவே இறந்தார் அண்ணா.

பத்திரக்காரர்

தம்பி எழுதியதைப் படித்தபின் மற்றதைப் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அம்மாவுக்குச் சொல் வேண்டும். வகுப்பு காத்திருக்கிறது.

"கைம்பெண்ணின் மூன்றிலொன்று" என்பதில் எனக்கு ஒரு மறுப்பு. இந்த உரிமை கணவன் இறந்த அன்று பிறக்கவில்லை. திருமணத்தன்று தேவாலய வாசலில், எல்லோர் முன்னிலையிலும், மாப்பிள்ளை மணமகளுக்குத் தன் நிலத்தில் பங்கு சொல்ல வேண்டும். 1180-களின் இறுதியில் எழுதப்பட்டு கிளான்வில் பெயரால் வழங்கும் சட்ட நூலிலேயே இது இருக்கிறது. அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. லத்தீனில் இதற்கான சொல் ரோமானியருக்குப் பெண் வீட்டார் கொடுப்பதையும், ஆங்கிலேயருக்கு மணமகன் கொடுப்பதையும் குறிக்கிறது என்று. அகராதியில் நீங்கள் பார்த்த குழப்பம் 800 ஆண்டுப் பழசு.

ஆகவே சொல்லில் மணம் வர வேண்டும். "மணப்பங்கு" என்று வைத்துப் பாருங்கள்.

குமரிமுனை

மணப்பங்கு நன்றாக இருக்கிறது. கைம்பெண் என்று தொடங்கினால், அவள் ஏதோ துக்கத்தில் வந்து கேட்பதுபோல் ஆகிவிடும். எங்கள் அம்மா கேட்டது அனுதாபத்தை அல்ல.

மறுபக்கம்

எனக்கும் சம்மதம். அடிக்குறிப்பில் ஓனாவின் பெயர் வந்தால்.

தேனருவி

வரும். அடிக்குறிப்பில் போடவில்லை, தனி வகுப்பாகவே எடுக்கப்போகிறேன். மார்கரெட்டுக்கும் அதில் இடம் உண்டு. குமரிமுனை அக்கா அனுமதித்தால், பெயர்களை எடுத்துவிட்டு அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரிகளையும் மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.

ஏழாவது விதியை இப்படி முடித்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்:

"கணவன் இறந்த பின் விதவை தன் சீதனத்தையும் தன் வாரிசுச் சொத்தையும் உடனே, தடையின்றிப் பெறுவாள். தன் மணப்பங்குக்கோ, சீதனத்துக்கோ, கணவன் இறந்த நாளில் அவனும் அவளும் வைத்திருந்த வாரிசுச் சொத்துக்கோ அவள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அவன் இறந்த பின் 40 நாள் அவள் தன் கணவனின் வீட்டில் தங்கலாம். அந்நாட்களுக்குள் அவளுடைய மணப்பங்கை அவளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்."

குமரிமுனை

தாராளமாக வாசியுங்கள். 14 தென்னையை விட்டுவிடாதீர்கள். அவற்றில் 11 இன்னும் காய்க்கின்றன.